விசுவாசம், கிரியை, சுயசித்தம்: திடப்படுத்தல் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பொறையாறு_ஞாயிறுபள்ளி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் லுத்தரன் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்பு) தொடங்குகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். வகுப்புக்கு முக்கால் மணி நேரம். இரட்சிப்பு பாடம் வந்தால் மூன்று கேள்விகள் தப்பாமல் வரும்.

மனுஷன் கிரியைகள் (செயல்கள்) இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாகிறான் என்று ரோமர் 3:28இல் பவுல் சொல்கிறார், விசுவாசத்தினால் மாத்திரம் அல்ல, கிரியைகளினாலும் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது, எது சரி? ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்துவிட்டு, "அவங்க நடந்து சம்பாதிக்கிறாங்க, நாம சும்மா வாங்கிக்கிறோம், அப்படித்தானே சார்?" பிறகு, நாம் தீர்மானிக்கிறோமா, தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டாரா?

கடைசிக் கேள்விக்கு நம் பக்கத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் உவமை: மேட்டூரில் தண்ணீர் திறப்பது கிருபை, வயலுக்கு மடை திறப்பது விசுவாசம். இதை வகுப்பில் சொல்லலாமா? மற்ற சபையாரும் பதில் எழுதுங்கள். கத்தோலிக்கரைப் பற்றித் தவறாகச் சொல்லிக்கொடுக்க விருப்பமில்லை.

தரங்கை_உபதேசி

சண்டை வருவதற்குக் காரணம், மூன்று தனிக் கேள்விகளை ஒரே கட்டாகக் கட்டிவிடுவது. இரட்சிப்பைத் தொடங்குகிறவர் யார்? எதை முன்னிட்டுத் தேவன் ஒருவனை நீதிமான் என்று தீர்க்கிறார்? அதற்கப்புறம் அவன் நடக்கையில் என்ன தெரியவேண்டும், தெரியாவிட்டால் என்ன அர்த்தம்? ஒரு கேள்விக்குரிய வசனத்தை இன்னொரு கேள்விக்கு எடுத்து வீசினால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

பவுல், யாக்கோபு விஷயத்துக்கு முதலில் ஆதியாகமத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது 15:6. விருத்தசேதனம் 17ஆம் அதிகாரம். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்துவது 22ஆம் அதிகாரம். இந்த மூன்று எண்களையும் பலகையில் வரிசையாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரோமர் 4:10இல் பவுல் கேட்பது 15க்கும் 17க்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றி: நீதியாக எண்ணப்பட்டபோது அவன் விருத்தசேதனம் உள்ளவனா, இல்லாதவனா? யாக்கோபு 2:21 எடுப்பது 22ஆம் அதிகாரத்தை. அதைச் சொல்லிவிட்டு, 15:6 அங்கே நிறைவேறிற்று என்கிறார். இரண்டு பேரும் ஒரே வசனத்தை ஆபிரகாமின் வாழ்க்கையில் வேறு வேறு கட்டத்தில் நின்று படிக்கிறார்கள்.

எதிராளியும் வேறு. நியாயப்பிரமாணத்துக்கு உட்பட்டால்தான் புறஜாதியானைத் தேவன் ஏற்றுக்கொள்வார் என்கிறவனோடு பவுல் வாதாடுகிறார். உடுப்பும் சாப்பாடும் இல்லாத சகோதரனை வெறும் வாய்வார்த்தை சொல்லி அனுப்புகிறவனோடு யாக்கோபு வாதாடுகிறார் (2:15-16). அந்த மாதிரி விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டு என்று 2:19இல் முடிச்சுப் போடுகிறார்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "பவுல் தேவனுக்கு முன்னால் நீதிமானாவதைச் சொல்கிறார், யாக்கோபு மனுஷருக்கு முன்னால் சொல்கிறார்" என்று ஒரே வரியில் தீர்ப்பது. 2:14 "அந்த விசுவாசம் அவனை இரட்சிக்குமா" என்றல்லவா கேட்கிறது? ஊரில் நல்ல பேர் வாங்குவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை அந்த வசனத்தைக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கிரியைக்கு எங்கே இடம் என்பதற்கு நம் லுத்தரன் விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் வரிசையே போதும். 4ஆம் பிரிவு நீதிமானாக்கப்படுதல், 6ஆம் பிரிவு புதிய கீழ்ப்படிதல். விசுவாசம் நல்ல கனி கொடுத்தே ஆகவேண்டும், அந்தக் கனியை நம்பி நிற்கக்கூடாது என்று 6 சொல்கிறது. லுத்தருக்குப் பிறகு நம்மவர்களே இதில் அடித்துக்கொண்டார்கள். கெயோர்க் மாயோர் நற்கிரியை இரட்சிப்புக்கு அவசியம் என்றார். ஆம்ஸ்டார்ஃப் அதை மறுக்கப் போய், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்கிற அளவுக்குப் போனார். 1577இல் ஃபார்முலா ஆஃப் கான்கார்ட் என்ற லுத்தரன் அறிக்கை இரண்டு வாசகத்தையும் தள்ளிவிட்டது. "அப்போ நல்லது எதுக்கு சார் செய்யணும்?" என்று பையன் கேட்டால், அவன் நிற்பது ஆம்ஸ்டார்ஃப் பக்கம். கிருபையினாலே, கிரியைகளினால் அல்ல என்கிற எபேசியர் 2:8, 9 மட்டும் மனப்பாடம் பண்ணவைத்து, நற்கிரியைகளுக்கென்று சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற 10ஐ விட்டுவிட்டால் இந்தக் கேள்வி வராமல் என்ன செய்யும்?

மேட்டூர் உவமை லுத்தரன் வகுப்புக்கு வேண்டாம். மடை திறக்கும் கை நம்முடையது என்றதும் கடைசித் தீர்ப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. எபேசியர் 2:1 நம்மை மரித்தவர்கள் என்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தரின் சிறு ஞானோபதேசம் தரும் விளக்கத்தைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்: என் சொந்தப் புத்தியாலோ பலத்தாலோ கிறிஸ்துவை விசுவாசிக்க என்னால் ஆகாது, பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தைக் கொண்டு என்னை அழைத்தார். அதை ஒப்பித்த கையோடு மடை உவமையைச் சொன்னால் இரண்டும் ஒட்டாது. சுயசித்தத்துக்காக வாதாடிய அறிஞர் எராஸ்முஸுக்கு 1525இல் லுத்தர் கொடுத்த மறுப்பே இதைப் பற்றியதுதான்.

அதற்காக மனுஷனைப் பொம்மையாக்கிவிடாதீர்கள். ஆக்ஸ்பர்க் 18ஆம் பிரிவு சுயசித்தத்துக்கு எல்லை கட்டுகிறது. குறுவை வைப்பதா சம்பா வைப்பதா, யாரைக் கட்டிக்கொள்வது, அடுத்தவன் வரப்பை வெட்டுவதா வேண்டாமா, இதிலெல்லாம் சித்தம் உண்டு. கோயிலுக்கு வந்து உட்கார்ந்து வசனம் கேட்கவும் முடியும். தேவனை நம்பி நேசிக்கும் இருதயத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வது மட்டும் அதனால் ஆகாது.

"விசுவாசம் மாத்திரம்" என்று தொண்டை கிழியப் பிரசங்கித்துவிட்டு, "இன்று ராத்திரியே தீர்மானம் எடு, கையைத் தூக்கு" என்று முடிக்கிற கூட்டங்களையும் கவனியுங்கள். அங்கே தூக்கின கையே கிரியை ஆகிவிடுகிறது.

பூண்டி_மறைக்கல்வி

"நடந்து சம்பாதிக்கிறாங்க" என்பது கத்தோலிக்கப் போதனை இல்லை. கேட்டதற்கு நன்றி. வீரமாமுனிவர் தரங்கம்பாடி மிஷனரிகளை மறுத்து எழுதிய காலத்திலிருந்தே இந்தக் காவிரிக்கரையில் இரண்டு பக்கமும் மற்றவர் சொல்லாததை மறுத்துக்கொண்டிருக்கிறோம்.

லுத்தர் தரப்புக்குப் பதிலாகக் கூடிய கத்தோலிக்கத் திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வு 1547 ஜனவரி 13இல் தந்த ஏடு 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்டது. முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் ஒருவர் கடவுள் முன் நேர்மையாளராக முடியும் என்பவரைக் கண்டிக்கிறது. நேர்மையாளராக்கப்படுவதற்கு முன்னால் உள்ள எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்காது என்று 8ஆம் அதிகாரம் சொல்கிறது. நம்பிக்கையின் தொடக்கமே அருள்தான் என்று 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் முடிவுகட்டிவிட்டது.

வேறுபாடு இதற்கு அப்புறம்தான், அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம். நீங்கள் "நீதிமான் என்று தீர்க்கப்படுதல்" என்பதோடு நிறுத்துவதில் நாங்கள் உள்ளான புதுப்பித்தலையும் சேர்க்கிறோம். வேறு எந்த ஒத்துழைப்பும் வேண்டாத "நம்பிக்கை மட்டும்" என்பதை 9ஆம் விதி மறுக்கிறது. அருள்நிலையில் இருப்பவர் செய்யும் நற்செயலுக்குக் கடவுள் முன் பலன் உண்டு என்கிறோம். ஆனால் அந்தப் பலனும் கடவுளின் கொடையே. நம் பலன்களுக்கு முடிசூட்டும்போது கடவுள் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்ற புனித அகுஸ்தீனாரின் கருத்தின் மேல்தான் இது நிற்கிறது.

நடைப்பயணத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. நடப்பவர் செய்வது நேர்ச்சை அல்லது தவமுயற்சி. சாவான பாவத்தில் இருப்பவர் சென்னையிலிருந்தே நடந்து வந்தாலும் நடை அவருக்குப் பாவமன்னிப்பு ஆகாது. மனத்துயரும் ஒப்புரவு அருளடையாளமும் (பாவசங்கீர்த்தனம்) வேண்டும். "நடக்கிறேன், மாதா வேலை வாங்கித் தரட்டும்" என்ற பேரம் மக்கள் நடுவே இருக்கத்தான் செய்கிறது. அது மறைக்கல்வியில் திருத்தவேண்டிய பழக்கம். அதை வைத்துத் திருச்சபையின் போதனையை அளக்காதீர்கள்.

மடை உவமையை நாங்களும் ஒரு திருத்தத்தோடுதான் ஏற்போம். கடவுளால் தூண்டி எழுப்பப்பட்ட சுதந்திர மனம் இசைவு தந்து ஒத்துழைக்கிறது என்பது திரெந்தின் 4ஆம் விதி. திறக்கவேண்டும் என்ற எண்ணமும் திறக்கும் தெம்பும் தண்ணீரோடேயே வந்தவை. வேண்டாம் என்று மூடிவைக்கவும் அந்தக் கையால் முடியும்.

இன்னொன்று. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 44 பத்திகளில் 15ஆவதை மட்டுமாவது வகுப்பில் வாசியுங்கள்: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில், கடவுளால் ஏற்கப்பட்டுத் தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் இதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார். உங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தச் சம்மேளனத்தின் உறுப்புத்தான்.

தஞ்சை_சிஎஸ்ஐ

சுருக்கமாக. 1947இல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாக வந்தன. அதனால் இந்த விஷயத்தில் எங்கள் சபையில் ஒரே வரிசையில் இரண்டு கருத்துக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

மெதடிஸ்ட் மரபின் முன்னோடி வெஸ்லி வழியில் பார்த்தால் மடை உவமைக்கு வேறு உருவம்: தண்ணீர் எல்லோர் தலைமடைக்கும் முன்னமே வந்து நிற்கிறது. இதற்கு முன்செல்லும் கிருபை என்று பெயர். அந்தக் கிருபை விடுவித்ததால்தான் சித்தத்துக்கு ஆம் என்று சொல்லவும் பலம் வருகிறது. பிரஸ்பிட்டேரியன் மரபின் மூலமான கால்வின் வழியில், தேவன் தெரிந்துகொண்டவர்களின் மடையை அவரே திறக்கிறார், அது திறக்காமல் போகாது.

கால்வின் வழியை மறுத்த அர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரைப் பின்பற்றும் அர்மீனியர் என்றால் "மனுஷன் தன் பலத்தால் தெரிந்துகொள்ளலாம் என்பவர்கள்" என்று பல பாடக்குறிப்புகளில் இருக்கிறது. தவறு. அர்மீனியஸ் இறந்த மறுவருஷம், 1610இல், அவர் வழிவந்தவர்கள் வைத்த ஐந்து பிரிவுகளில் மூன்றாவது, இரட்சிக்கும் விசுவாசம் மனுஷனுக்குத் தன்னால் வராது என்றே சொல்கிறது. நான்காவதுதான் கருத்து மாறும் இடம்: கிருபையை எதிர்த்து நிற்க முடியும் (அப்போஸ்தலர் 7:51). இதற்குப் பதிலாகத்தான் கால்வின் வழியாரின் 1618-19 டார்ட் சங்கம் கூடியது.

பொறையாறு_ஞாயிறுபள்ளி

மிக்க நன்றி. மூன்று பேரும் சொன்னதில் தொடக்கம் கிருபை என்பதில் தகராறே இல்லை என்பது எனக்குப் புதிது. இரட்சிப்பை இழக்க முடியுமா, சிலுவையில் இருந்த கள்ளன் என்ன கிரியை செய்தான், இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பு வரிசையும் யாராவது போட்டுக்கொடுத்தால் நல்லது.

நாகை_பெந்தெகொஸ்தே

பிரைஸ் த லார்ட். உபதேசி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கை தூக்குவது கிரியை என்றால், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதும் கிரியைதானே? "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று ஜனங்கள் கேட்டபோது பேதுரு "மனந்திரும்புங்கள்" என்று கட்டளை கொடுத்தார் (அப்போஸ்தலர் 2:37-38). கட்டளை என்றால் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. மன்றாடிக் கூப்பிடுவதில் குற்றமில்லை. தூக்கின கையைப் பிற்பாடு சான்றிதழாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் குற்றம், அதை எங்கள் மேய்ப்பர்களும் கண்டிக்கிறார்கள்.

இழக்க முடியுமா என்றால், முடியும் என்கிறோம்: எபிரெயர் 6:4-6, 10:26-29. இதை அரைகுறையாகச் சொன்னால் வரும் கேடு, பிள்ளைகள் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் மறுபடி மறுபடி இரட்சிக்கப்பட முன்னால் போவார்கள். பாவத்தில் விழுவது வேறு, கிறிஸ்துவையே உதறுவது வேறு. முதலாவதற்குப் பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிற 1 யோவான் 1:9, 2:1 இருக்கிறது. எபிரெயர் பேசுவது இரண்டாவதை.

தரங்கை_உபதேசி

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது பெற்றோரின் கிரியை, ஞானஸ்நானம் கொடுப்பது தேவனுடைய கிரியை என்பது எங்கள் பதில். அதை இங்கே தொடங்கினால் நூறு பதிவு போகும். தூக்கின கை சான்றிதழ் ஆகக்கூடாது என்பதில் சகோதரரோடு ஒத்துப்போகிறேன்.

இழப்பது பற்றி அவர் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் எங்கள் அறிக்கையும் அதே பக்கம்தான். நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களை ஆக்ஸ்பர்க் 12ஆம் பிரிவு தள்ளுகிறது. "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும்" என்ற வாசகம் லுத்தரன் சபையுடையது இல்லை. பயந்தவனுக்கு என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்ள முடியாது என்கிற யோவான் 10:28, அசட்டையாக இருப்பவனுக்கு விழுந்துபோகிறவர்களை எச்சரிக்கும் எபிரெயர் 6. மாற்றிக் கொடுத்தால் பயந்தவன் நொறுங்குவான், அசட்டைக்காரன் தூங்குவான்.

கள்ளனிடம் கிரியை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். லூக்கா 23:40-42ஐப் படித்தால், உடன் தொங்குகிறவனைக் கடிந்துகொள்கிறான், தன் தண்டனை நியாயம் என்று ஒத்துக்கொள்கிறான், இயேசு குற்றமற்றவர் என்று சாட்சி சொல்கிறான், அப்புறம் வேண்டுகிறான். விசுவாசம் வந்ததும் மிஞ்சிய நேரத்தில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டான். பரதீசு கிடைத்தது அவற்றுக்குக் கூலியாக அல்ல.

வகுப்பு வரிசை, நான்கு ஞாயிறு:

முதல் வாரம் ஆதியாகமம் 15, 17, 22, பிறகு ரோமர் 4, யாக்கோபு 2. இதற்கே முக்கால் மணி போதாது. வசனங்களைச் சனிக்கிழமையே படித்துவரச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் வாரம் எபேசியர் 2:1-10ஐ விடாமல் முழுதாக, கூடவே மூன்றாம் பகுதி விளக்கம். மூன்றாம் வாரம் சித்தம்: பலகையில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் நம்மால் ஆகிறவை, மறுபக்கம் ஆகாதவை. பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும். அன்றைக்குப் பிலிப்பியர் 2:12-13. பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிற 12இல் நிறுத்தினால் பயமுறுத்தல் ஆகிவிடும், தேவனே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறார் என்கிற 13ஐ மட்டும் எடுத்தால் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு ஆகிவிடும். நான்காம் வாரம் மற்ற சபைகள். பூண்டிக்காரர் சொன்ன 15ஆம் பத்தியை அப்போது வாசியுங்கள். முடிந்தால் மடை உவமையையும் அன்றைக்கு எடுத்து, எந்தச் சபை எதைத் திருத்தும் என்று கேளுங்கள். பாடமாகச் சொல்லாமல் பரீட்சைக் கேள்வியாக வைத்தால் அது நல்ல உவமைதான்.

முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்தல்) கேள்வி வந்தால், இரட்சிப்பு முழுக்கத் தேவனால், கெட்டுப்போவது முழுக்க மனுஷனால் என்ற இரண்டையும் சொல்லி நிறுத்துங்கள். அப்படியானால் சிலர் மட்டும் ஏன் விசுவாசிக்கிறார்கள் என்பதற்கு ஃபார்முலா ஆஃப் கான்கார்ட் 11ஆம் பிரிவு வேண்டுமென்றே பதில் தரவில்லை, நீங்களும் தரவேண்டாம். ரோமர் 9ஐ இந்த வயதில் தனியாக எடுக்காதீர்கள். எடுத்தால் 11:32 வரை ஒரே அமர்வில் படித்து முடிக்க நேரம் இருக்கிற நாளில் எடுங்கள்.