குடியரசுத் தலைவர்களின் படக்கதைகளை ஆறு வயதுக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: வாசிப்பறை, கோத்தகிரி

ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளை ஒட்டிய கூடத்தில், சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். ஆறு முதல் எட்டு வயது வரை பன்னிரண்டு பேர் வருகிறார்கள். குடியரசுத் தலைவர்களின் வாழ்க்கையைப் படங்களோடு சொல்லும் சிறு நூல்கள் சில அண்மையில் கிடைத்தன. லிங்கனைப் பற்றியதும் அவற்றுள் உண்டு.

முதல் நாளே திணறிவிட்டேன். ராஜேந்திர பிரசாத் 1950இல் நம் நாட்டின் முதல் பிரசிடென்ட் ஆனார் என்றதும், "எங்க ஊரு பிரசிடென்ட் வேற ஆளு டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னது ஊராட்சித் தலைவரை. படத்தில் இருந்த மாளிகையைப் பார்த்த இன்னொருவன் அதற்குள் அவரை ராஜாவாக்கிவிட்டான். நூல்களிலோ எல்லோரும் தொட்டிலிலிருந்தே தவறு செய்யாதவர்களாக இருக்கிறார்கள். இவற்றை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, கூடலூர்

அந்தச் சிறுமி கேட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள், அம்மா. ஊராட்சித் தலைவருக்கு அவளுடைய பெற்றோர் நேரடியாக வாக்களிக்கிறார்கள். குடியரசுத் தலைவருக்கோ, நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் வாக்களிக்கிறார்கள். இவ்வளவு போதும். ராஜா குழப்பத்துக்கு உங்கள் குழந்தைகளிடமே விடை இருக்கிறது. தோட்டத்தில் வேலை முடிந்தால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், டெல்லி மாளிகையில் இருப்பவரும் பெட்டியைக் கட்டத்தான் வேண்டும்.

பழைய தலைவர்களுக்கு முன்னால் திரௌபதி முர்முவைச் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் அவர் முதுமலைக்கு வந்து, தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுத்து, அங்கே யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைச் சந்தித்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யானை வழியாக ஒடிசாவின் சந்தால் பழங்குடிச் சிற்றூருக்கு அவர்களை எளிதாக அழைத்துச் செல்லலாம். ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1997இல் ராய்ரங்பூர் என்ற சிறு நகரத்தில் கவுன்சிலரானார். உள்ளூர்ப் பதவியிலிருந்து ஒருவர் அந்த மாளிகை வரை போக முடியும் என்பதை உங்கள் சிறுமி அப்போது தானே கண்டுகொள்வாள்.

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை, குன்னூர்

வினாடி வினாப் போட்டிகளில் வரிசையைத்தான் கேட்கிறார்கள் என்பதால், பதினைந்து பெயர்களையும் பாட்டாக மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

பதில்: நூலக உதவியாளர், உதகை

குன்னூர் நண்பர் பொறுத்தருள வேண்டும். ஆறு வயதில் அந்த வரிசை வெறும் ஒலிதான். பத்து வயதில் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக நம் பள்ளிச் சுவர்களில் தொங்கும் கடிதத்தை அவர் எழுதியதற்குச் சான்று இல்லை. சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மை பேசிய கதையும், அவர் இறந்த பிறகு ஒரு வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் சேர்த்ததே. உண்மை பேசு என்று கற்பிக்கப் புனைகதையை வரலாறாகக் காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. மாறாக, 1860இல் கிரேஸ் பெடல் என்ற பதினொரு வயதுச் சிறுமி லிங்கனுக்குத் தாடி வளர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியதும், அவர் பதில் எழுதிப் பின்னர் தாடி வளர்த்ததும் உண்மையிலேயே நடந்தவை. குழந்தைகள் சிரிப்பார்கள்; தாமும் கடிதம் எழுதக் கேட்பார்கள்.

குறையற்ற மனிதர்களாகக் காட்டுவதைவிட, குறையுள்ள உலகத்தை மறைப்பதே பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். கே.ஆர். நாராயணன் நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குப் போனதையும், கட்டணம் செலுத்த முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டதையும் சொல்லிவிட்டு, அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதை விட்டுவிட்டால், பிள்ளைகளுக்கு அது வெறும் ஏழைக் கதையாகிவிடும். சாதி என்ற சொல்லை நம் குழந்தைகள் ஆறு வயதுக்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் கலாமின் நூலில் ஒரே ஒரு படத்தை மட்டும் காட்டினேன். போர்க்காலத்தில் ரயில் நிற்காததால், ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் நாளிதழ்க் கட்டுகளைச் சிறுவன் கலாம் பிடிக்கும் படம் அது. ஊட்டி ரயிலிலும் அப்படி எறிவார்களா என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "அது போற வேகத்துக்கு நாமளே ஏறி வாங்கிட்டு இறங்கிடலாம்" என்றான் பக்கத்திலிருந்தவன்.