பியரில் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கஷாயமாகிவிட்டது, காப்பாற்ற முடியுமா?

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. பின்கட்டில் 19 லிட்டர் கோதுமை பியர் போட்டேன். பகலில் 32 டிகிரி வெயில் என்பதால் பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, காலையும் மாலையும் ஐஸ் போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்று நாள் 1.012-இலேயே நின்றது, அதாவது நொதித்து முடிந்துவிட்டது, ருசியும் நன்றாக இருந்தது. அப்புறம் 30 கிராம் மல்லியை இடித்து, நான்கு ஆரஞ்சின் தோலோடு துணியில் கட்டி உள்ளே விட்டேன். ஐந்து நாளில் சுக்குமல்லிக் கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. அடித்தொண்டையில் கசப்பு வேறு. தீபாவளிக்கு வரும் அண்ணன் குடும்பத்துக்காக ஆசையாகப் போட்டது. லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்தால் சரியாகுமா?

ஈப்போ அண்ணன்:
முதலில் மூட்டையை வெளியே எடுங்கள் தம்பி. லீமாவ் வேண்டாம், கசப்போடு புளிப்பு சேர்ந்தால் இன்னும் உறுத்தும். ஆரஞ்சுச் சாறும் வேண்டாம். அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் மறுபடி தின்னும், மூடிய பாட்டில் வெடிக்கலாம். தோலை எப்படி உரித்தீர்கள்? 30 கிராம் என்பது எந்தக் கணக்கு?

சுங்கை சிப்புட் தம்பி:
கையால்தான் அண்ணே, உள்வெள்ளையோடு. அளவு பெல்ஜியம் கோதுமை பியர்க் குறிப்பில் இருந்தது.

ஈப்போ அண்ணன்:
கசப்புக்குக் காரணம் அந்த வெள்ளைதான். மேல்தோலை மட்டும் சீவ வேண்டும். பெல்ஜியம் குறிப்பில் மல்லியைக் கொதியின் கடைசியில் போடுவார்கள். ஆவியிலும், பிறகு நொதிக்கும்போது கிளம்பும் வாயுவிலும் பாதி வாசனை போய்விடும். நீங்கள் நொதித்து முடிந்த பிறகு போட்டதால் அத்தனையும் உள்ளேயே தங்கிவிட்டது.

தாப்பா அக்கா:
நானும் ஒரு பக்கெட் கிராம்பில் இழந்தவள். அதிலிருந்து எதையும் நேராகப் போடுவதில்லை. இடித்த மல்லியையும் சீவிய தோலையும் தனித்தனி ஜாடியில், மூழ்கும் அளவு வோட்கா ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டுவேன். கிருமி பயமும் குறையும். 100 மில்லி பியரை கிளாஸில் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் 0.2, 0.4, 0.6 மில்லி என்று ஏற்றிக்கொண்டே ருசி பாருங்கள். 0.4 பிடித்தால் 19 லிட்டருக்கு 76 மில்லி. ஆனால் முதலில் 50 மட்டும் ஊற்றுங்கள். கேஸ் ஏறிய பிறகு வாசனை இன்னும் தூக்கும். சேர்த்தால் எடுக்க முடியாது தம்பி.

இப்போது இருப்பதற்கு ஒரு வழி உண்டு. மசாலா இல்லாமல் இன்னொரு பக்கெட் போட்டுக் கலக்கலாம். மல்லி வாசனை சில வாரத்தில் தானே அடங்கும், தோல் கசப்பு அப்படிப் போகாது. மூடியை அடிக்கடி திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் நனைந்த அட்டை மாதிரி வாடை வரும்.

சுங்கை சிப்புட் தம்பி:
மூட்டையை எடுத்துவிட்டேன் அக்கா. கடையில் வாங்கிய கோதுமை பியரை அரை கிளாஸ் ஊற்றி, என்னுடையதை அரை கிளாஸ் கலந்து பார்த்தேன். தொண்டைக் கசப்பு நன்றாகக் குறைந்து, மல்லி பின்னால் லேசாக வருகிறது. சனிக்கிழமை இன்னொரு 19 லிட்டர் போடுகிறேன். வோட்கா ஜாடி இன்றே ஊறுகிறது.