அதிகாரி சொன்னதோடு ஒரு செய்தி முடிந்துவிடலாமா?

ஈசூன் வாசகி:
சென்ற மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கிற்கு எதிரே உள்ள சாலைச் சந்திப்பில் லாரி மோதி, எங்கள் மாடியில் குடியிருக்கும் மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் நான்கு ஊடகங்களில் அந்தச் செய்தியைத் தேடிப் படித்தேன். நான்கிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள்தான் இருந்தன. காலை 7.40 மணியளவில் உதவிக்கான அழைப்பு வந்ததாகக் காவல்துறை கூறியது. 76 வயது மாது சுயநினைவுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 41 வயது ஓட்டுநர் விசாரணைக்கு உதவி வருகிறார்.

இவற்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த முனையில் மூன்று மாதங்களாகக் கட்டுமானத் தடுப்பு ஒன்று நிற்கிறது என்பதும், இடப்புறம் திரும்பும் வண்டி நடந்து வருபவரின் கண்ணுக்கு அதனால் படுவதில்லை என்பதும், முதியோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கைச் சில வினாடிகள் நீட்டித்துத் தரும் கருவியுள்ள கம்பம் அந்தத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டது என்பதும், குடியிருப்பாளர்கள் இதைப் பற்றிப் பொறுப்பானவர்களுக்கு இருமுறை எழுதியிருக்கிறார்கள் என்பதும் எந்தச் செய்தியிலும் இல்லை. இதை அறிந்துகொள்ள யாரும் ரகசிய ஆவணம் எதையும் தேட வேண்டியதில்லை. கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும்.

அதிகாரிகளின் சொல்லை வெளியிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வந்தவுடன் செய்தி முடிந்துவிட்டதாகக் கருதும் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

பழைய நிருபர்:
செய்தி அறையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவற்றில் ஆறு ஆண்டுகள் இரவுப்பணி. உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் நீங்கள் குறைசொல்லும் பழக்கம் சோம்பலில் பிறந்ததன்று.

விபத்து நடந்த பத்தாவது நிமிடத்தில் வாசகர்கள் அனுப்பும் காணொளிகள் வந்து குவியத் தொடங்கும். நேரில் பார்த்த மூவரிடம் பேசினால், விளக்கு சிவப்பாக இருந்தது என்பார் ஒருவர், பச்சையாக இருந்தது என்பார் இன்னொருவர், அந்த அம்மா குறுக்கே ஓடினார் என்பார் மூன்றாமவர். இவர்களில் ஒருவரின் சொல்லை நம்பி எழுதினால் ஓட்டுநரையோ மூதாட்டியையோ விசாரணைக்கு முன்பே குற்றவாளி ஆக்கிவிடுவோம். அதிகாரபூர்வ அறிக்கை முழுமையாக இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அது தவறென்று நாளை தெரிய வந்தால், சொன்னவர் யார், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்ச் செய்தி அறையில் இன்னொரு சுமையும் உண்டு. அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அதைப் பிழையின்றித் தமிழாக்குவதும், பெயரையும் வயதையும் சரிபார்ப்பதும், இணையத்தில் ஏற்றுவதும் பல இரவுகளில் ஒரே ஆளின் வேலை.

2015 மார்ச் 18 இரவை நினைத்துப் பாருங்கள். திரு லீ குவான் இயூ இறந்துவிட்டதாகப் பிரதமர் அலுவலகத்தின் இணையப்பக்கத்தைப் போலத் திருத்தப்பட்ட படம் ஒன்று பரவியது. சிஎன்என்னும் சீனாவின் சிசிடிவியும் அதை நம்பிச் செய்தி வெளியிட்டுப் பிறகு திரும்பப் பெற்றன. அவர் மறைந்தது ஐந்து நாள் கழித்து, மார்ச் 23ஆம் தேதிதான். பிரதமர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும்வரை காத்திருந்தவர்கள் அன்று தலைகுனியவில்லை.

தங்குவிடுதித் தொண்டூழியர்:
நிருபர் அண்ணன் சொன்ன அந்தச் சம்பவத்தை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்தப் படம் அவ்வளவு வேகமாக நம்பப்பட்டதற்குக் காரணமே அது அரசாங்க அறிவிப்பின் தோற்றத்தில் இருந்ததுதான். தெருவில் யாரோ சொன்னதாக வந்திருந்தால் அந்த நிறுவனங்களே பத்துமுறை சரிபார்த்திருக்கும்.

நான் பேச வந்தது 2020ஐப் பற்றி, கொவிட் தொற்று பரவிய ஆண்டைப் பற்றி. அந்த ஆண்டு முழுவதும் நாம் செய்தியை எண்ணாகவே அறிந்தோம்: சமூகத்தில் இத்தனை பேர், வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இத்தனை பேர். நான் தமிழில் பேசி உதவிவந்த ஊழியர்களில் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர், பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் மேல்கட்டிலில் படுத்தபடி இரவில் என்னை அழைப்பார். "அண்ணே, எங்க மாடியில பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்து போயிருச்சு. பேப்பர்ல போடுற கணக்கு எப்படி இவ்வளவு கம்மியா இருக்கு?" என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை. அமைச்சின் எண்ணையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பதில் 2020 டிசம்பர் 14ஆம் தேதி வந்தது. அதுவரை நாம் படித்துவந்தது பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களின் கணக்கு. தங்குவிடுதிகளில் அது 54,505. ரத்தப் பரிசோதனையில் முன்பே தொற்று வந்துபோனதாகத் தெரியவந்தவர்கள் மேலும் 98,289 பேர். ஆக, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அந்தத் தம்பியின் "பாதிப் பேர்" மிகையே இல்லை.

எண் பொய் சொல்லவில்லை. எதை எண்ணியிருக்கிறார்கள், எதை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நாள் செய்தியிலும் ஒரு வாக்கியமாகச் சேர்த்திருக்கலாம் அல்லவா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதிகளில் கிருமி பரவும் ஆபத்தை எச்சரித்து, டிடபிள்யுசி2 என்ற ஊழியர் நல அமைப்பு எழுதிய கடிதம் அந்த ஆண்டு மார்ச் 23ஆம் தேதி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் வந்தது. வந்த இடம் வாசகர் கடிதப் பகுதி. ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் அதே விஷயம் முதல் பக்கச் செய்தியாயிற்று.

பழைய நிருபர்:
தம்பி, அந்த 98,289 என்ற எண்ணை உங்களுக்கும் எனக்கும் தந்தது யார்? அதே அமைச்சுகள்தாம். லட்சக்கணக்கானோருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய எந்தத் தொண்டூழிய அமைப்பாலும் எந்த நாளிதழாலும் முடியாது. அரசாங்கத் தரவைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்கும் வழக்கம் வந்துவிட்டால், அதைத் திருத்தி வெளியிடும் தரவையும் நம்ப ஆளிருக்காது.

செய்தியாளர்கள் ஊழியர்களிடம் பேசவே இல்லை என்ற எண்ணமும் வேண்டாம். அந்த இரண்டு விடுதிகளும் மூடப்பட்ட மறுநாளே, அறைகளின் நெருக்கடியையும் கழிவறைகளின் நிலையையும் ஊழியர்கள் வாய்மொழியாகவே ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வெளியிட்டது. உள்ளே நுழைய அனுமதியில்லாத நேரத்தில் தொலைபேசி வழியாகச் செய்த வேலை அது.

ஆனாலும் நீங்கள் கேட்ட அந்த ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். மாலையில் எண் வரும். தலைப்பை மாற்றி நேற்றைய செய்தியின் மேல் இன்றைய எண்ணைப் பொருத்துவோம். அந்த வாக்கியத்தைச் சேர்க்க எங்களை யாரும் தடுக்கவில்லை.

குவீன்ஸ்டவுன்காரர்:
இருவரும் செய்தியாளரையே மையமாக வைத்துப் பேசுகிறீர்கள். அவர் நிற்கும் தரையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஒரு குடிமகன் மனு எழுதி அரசு அலுவலகத்திடம் ஆவணம் கேட்கலாம். சிங்கப்பூரில் அதற்கு நிகரான சட்டம் இல்லை. அரசாங்க ரகசியச் சட்டம் மட்டும் 1935இலிருந்து இருக்கிறது. 1992இல் பிசினஸ் டைம்ஸ், பொருளியல் வளர்ச்சி பற்றிய முன்மதிப்பீட்டை அரசாங்கம் அறிவிக்கும் முன்பே வெளியிட்டது. அதன் ஆசிரியர் உட்பட ஐவருக்கு 1994இல் அந்தச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டுச் செய்தித்தாள், அச்சகச் சட்டத்தின்படி நாளிதழ்கள் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கின்றன. தமிழ் முரசையும் நடத்தும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஐந்தாண்டு காலத்துக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளிவரை அரசாங்கம் நிதி தரும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த நிதி இல்லாவிட்டால் ஒரு தமிழ் நாளேட்டை இங்கே எத்தனை நாள் நடத்த முடியும் என்பதையும் எண்ணிப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வேறு கதவு இல்லாத வீட்டில் எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தானே போய்வர வேண்டும்? கொவிட் தொற்றுத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பயன்படுத்த முடியும் என்பது 2021 ஜனவரி 4ஆம் தேதி எப்படி வெளியாயிற்று? நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்டார், துணை அமைச்சர் பதிலளித்தார். அதற்கு முன், தொற்றுத் தடமறிய மட்டுமே அது பயன்படும் என்ற உறுதிமொழியை ஊடகங்கள் பலமுறை வெளியிட்டிருந்தன. தரவைக் கேட்டுப்பெறக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்து, இந்தத் தரவு மட்டும் அதிலிருந்து எப்படித் தப்பும் என்று கேட்க அமைச்சின் அனுமதி தேவைப்பட்டிருக்காது. பிப்ரவரியில் தனிச் சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று அந்த அதிகாரத்தை வரையறுத்தார்கள். ஒரே ஒரு கேள்வி அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய குறையன்று. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகத் தான் வெளியிட்ட செய்திகள் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று 2004 மே 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் தன் வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. நாடுகடந்து வாழ்ந்த ஈராக்கியர்கள் சொன்னதை அமெரிக்க அதிகாரிகள் ஆமோதித்தார்கள். பார்வைக்கு இரண்டு மூலங்கள், நீர் வந்ததோ ஒரே கிணற்றிலிருந்து.

தோ பாயோ மகள்:
குவீன்ஸ்டவுன்காரர் ஐயா சொல்வது படித்தவர்களுக்குச் சரியாக இருக்கலாம். என் அப்பாவுக்கு 81 வயது. தமிழைத் தவிர வேறு மொழியில் படிக்கமாட்டார். அவருக்கு உலகச் செய்தி வருவது மூன்று வழிகளில்: காலையில் முரசு, சமையலறையில் ஒலி 96.8 வானொலி, பிறகு ஊரிலிருந்தும் இங்கிருந்தும் உறவினர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகள். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்த மாலை, பேரங்காடிகளில் அரிசியும் நூடல்சும் கழிவறைத் தாளும் தீர்ந்துபோனது உங்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். கடைகள் அடுத்த நாளிலிருந்து திறக்காது என்று யாரோ பேசி அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு அப்பா மழையில் குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனார். அரிசிப்பை இல்லாமல், நனைந்த சட்டையோடு, கை நடுங்கத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு அரசாங்கத்தின் வாட்ஸ்அப் சேவையில் தமிழில் அவரைப் பதிவுசெய்து கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தகவலை உரக்கப் படித்துவிட்டுத்தான் தூங்குவார். அதிகாரபூர்வத் தகவல் என்பது உங்களுக்கு விவாதப் பொருள். என் வீட்டில் அது ஒரு முதியவரின் நிம்மதி. கோப்பிக் கடையில் பேசுவதையும் செய்தியாக்க வேண்டும் என்றால், அப்பாவை மழையில் இறக்கியதும் அப்படிப்பட்ட பேச்சுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஈசூன் வாசகி:
உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபோது என் மாமனாரின் நினைவு வந்தது. அவரும் இப்படித்தான், முரசில் வந்தால்தான் நம்புவார். அவர்கள் இவ்வளவு நம்புவதால்தான் நான் இதை விடாமல் கேட்கிறேன். கடைப்பேச்சை அப்படியே அச்சிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அதைக் கேட்டு, போய்ப் பார்த்து, பிறகு எழுதுங்கள் என்கிறேன். அப்பா கேட்ட ஒலிப்பதிவைச் சரிபார்க்க வழியில்லை. எங்கள் தடுப்புவேலியை யாரும் வந்து கையால் தொட்டுப் பார்க்கலாம்.

விபத்துச் செய்தியில் அன்றே காரணம் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நிருபர் ஐயா சொன்ன மூன்று சாட்சிகள் விளக்கின் நிறத்தைப் பற்றி முரண்படுவார்கள். வேலி நிற்கும் இடத்தைப் பற்றி முரண்படமாட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒருவர் வந்து பார்த்திருக்கலாம். எழுத்துபூர்வப் புகாருக்குப் பதில் வந்ததா என்று பொறுப்பானவர்களிடம் கேட்டு, அவர்கள் பதில் சொல்லவில்லை என்றால், கேட்டோம், பதில் வரவில்லை என்று எழுதியிருக்கலாம்.

தங்குவிடுதித் தொண்டூழியர்:
தோ பாயோ அக்காவுக்கு ஒன்று. ஊழியர்களுக்கும் மனிதவள அமைச்சு தமிழில் தகவல் அனுப்பியது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அறையில் நடப்பதை வெளியே கொண்டுவர அதே அளவு திறந்த வழி இல்லை. சேதி ஒரு திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

பழைய நிருபர்:
நான் பணியில் இருந்தபோது, வேலையிடத்தில் விழுந்து இறந்த ஊழியர் ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். அமைச்சின் அறிக்கையிலிருந்து வேலை நிறுத்தப்பட்ட தகவலையும், நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து இரங்கலையும் எடுத்துக்கொண்டேன். அவரோடு சாரத்தில் நின்றவரின் தொலைபேசி எண் என் மேசையில் ஒரு துண்டுத்தாளில் இருந்தது; அவரும் தமிழர்தான். மணி பதினொன்றே முக்காலாகிவிட்டது, பக்கம் போக வேண்டும் என்று அழைக்கவில்லை. மறுநாள் வேறு செய்தி வந்தது. அறிக்கையை நம்பியது தவறில்லை என்று இப்போதும் வாதாடுவேன். அந்த எண்ணை மறுநாளும் அழைக்காததற்கு என்னிடம் வாதம் இல்லை.

ஈசூன் அம்மா, நான் இப்போது எந்தச் செய்தி அறையிலும் இல்லை, இருப்பவர்களைத் தெரியும். புகார் அனுப்பிய தேதிகளையும், வேலியும் அந்தக் கம்பமும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்த படத்தையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஈசூன் வாசகி:
அனுப்பிவிட்டேன், ஐயா. முதல் படம் காலை 7.40 மணிக்கு, விபத்து நடந்த அதே நேரத்தில் எடுத்தது. இரண்டாவது படத்தில் மூன்று சக்கர நடைவண்டியோடு நிற்கும் முதியவர் வேலியைச் சுற்றிச் சாலையில் இறங்கி நின்று கை நீட்டி அட்டையைத் தட்டுகிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். உங்கள் நண்பர் வந்தால் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். காலை எட்டு மணிவரை கோப்பிக் கடையில்தான் இருப்பாராம்.