ஏபிஆர்எஸ் டிராக்கரில் ஓஎல்இடி திரை மாட்டினேன், டிராக்கரே எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

கொண்டையூசி70:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கட்டிய ஏபிஆர்எஸ் டிராக்கர் (இருக்கும் இடத்தை ஹாம் ரேடியோவில் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும் பெட்டி) ஒன்று ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, நியோ-6எம் ஜிபிஎஸ், பிடிடி (ரேடியோவை அனுப்ப வைக்கும் பொத்தான்) அழுத்த ஒரு டிரான்சிஸ்டர், அதற்கப்புறம் 5 வாட் ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ. கொல்லிமலை ஏறும்போது பெட்டி பைக்கின் டேங்க் பையில் கிடக்கும். ஜிபிஎஸ் பிடித்ததா, கடைசி பாக்கெட் எப்போது போனது, ஒன்றும் தெரியாது. அதனால் 0.96 அங்குல ஓஎல்இடி ஒன்று வாங்கி ஏ4, ஏ5 பின்களில் மாட்டினேன். உள்ளே எஸ்எஸ்டி1306 சிப் என்று சொல்லி விற்றார்கள்.

இப்போது திரை இருட்டு. அது போகட்டும், டிராக்கரும் பாக்கெட் அனுப்புவதில்லை. திரைக்கான வரிகளை நீக்கிவிட்டால் பழையபடி ஓடுகிறது. கம்பைல் ஆகும்போது எந்தத் தவறும் காட்டவில்லை. மெமரி 1187 பைட் போயிற்று, 861 பைட் மீதி என்றுதான் வருகிறது. எங்கே கோட்டை விட்டேன்?

தகரடப்பா:
முதலில் முகவரியைப் பாருங்கள். திரையின் முதுகில் 78 என்று அச்சடித்திருப்பார்கள், அதை நம்பிப் புரோகிராம் கோடில் போட்டால் வராது. அது எட்டு பிட் கணக்கு. ஆர்டுயினோவுக்கு ஏழு பிட் கணக்கில் 3சி என்று கொடுக்க வேண்டும். இன்னொன்று, சில திரைகளில் விசிசி (மின்சாரம் வரும் பின்) பின்னும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நான் அப்படி ஒன்றைப் புகைத்திருக்கிறேன்.

கொண்டையூசி70:
ஐ2சி (திரையும் நானோவும் பேசும் இரட்டைக் கம்பி வழி) ஸ்கேனர் ஓட்டிப் பார்த்தேன், 3சி தான் காட்டுகிறது. திரையை ஓட்டும் லைப்ரரியோடு (தயார் புரோகிராம் தொகுப்பு) வரும் டெமோவும் அழகாக ஓடுகிறது, கோடுகள், வட்டங்கள் எல்லாம் வருகின்றன. டிராக்கர் புரோகிராமோடு சேர்த்தால்தான் இந்தக் கூத்து.

பழையவால்வு:
தம்பி, விடையை நீங்களே முதல் பதிவில் எழுதிவிட்டீர்கள். 861 பைட் மீதி என்கிறீர்களே, அங்கேதான் விஷயம்.

128 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் மொத்தம் 1024 பைட். படம் வரைகிற லைப்ரரி முழுத் திரையையும் நானோவின் நினைவகத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். அந்த 1024 பைட்டை கம்பைல் ஆகும்போது கேட்காது, திரையைத் துவக்கும் வரி ஓடும்போதுதான் கேட்கும். அதனால் கம்பைலர் சொல்லும் கணக்கில் அது வராது. நானோவில் இருப்பதே 2048. அதில் 1187 போனபின் 1024-க்கு எங்கே போவது?

இடம் கிடைக்காவிட்டால் துவக்கும் வரி தோல்வி என்று திருப்பிச் சொல்லும். டெமோவிலிருந்து எடுத்த கோடாக இருந்தால், அதற்கடுத்த வரியில் முடிவில்லாத லூப் ஒன்று இருக்கும். டிராக்கர் அதில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

உங்களுக்குப் படம் தேவையில்லை, எழுத்து போதும். யு8ஜி2 லைப்ரரியில் யு8எக்ஸ்8 என்று எழுத்துக்கு மட்டுமான வழி உண்டு. திரையின் நகலே வைத்துக்கொள்ளாது. வரிக்கு 16 எழுத்து, 8 வரி. டிராக்கருக்குத் தாராளம்.

கொண்டையூசி70:
சார், அந்த முடிவில்லாத லூப் அப்படியே இருந்தது. டெமோவிலிருந்து வெட்டி ஒட்டியதுதான். யு8எக்ஸ்8-க்கு மாற்றினேன், திரை வந்துவிட்டது, பாக்கெட்டும் போகிறது. நன்றி!

ஆனால் புதிதாக ஒன்று. மொட்டை மாடியில் 9 செயற்கைக்கோள் பிடித்தும் இடம் நகரவே மாட்டேன் என்கிறது. சில நேரம் 20 விநாடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது. திரை இல்லாதபோது விநாடிக்கு ஒருமுறை சரியாக வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜிபிஎஸ்ஸில் எழுத்து வந்திருக்கிறதா பார்த்து ஒன்றைப் படிக்கிறேன், திரையைத் துடைக்கிறேன், நாலு வரி எழுதுகிறேன்.

செம்புக்கம்பி:
துடைத்துத் துடைத்து எழுதுவதுதான் வில்லன்.

9600 வேகத்தில் ஜிபிஎஸ்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்கு ஒரு எழுத்து வருகிறது. அதை வாங்கும் சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரி 64 எழுத்து வரைதான் பிடித்துவைக்கும். திரை முழுவதையும் ஒருமுறை எழுத, 400 கிலோஹெர்ட்ஸில் ஐ2சி ஓடினாலே 23 மில்லி விநாடிக்குக் குறையாது. 100-இல் ஓடினால் 92. நீங்கள் துடைக்கவும் செய்கிறீர்கள், எழுதவும் செய்கிறீர்கள், அவ்வளவும் முடிந்து ஒரே ஒரு எழுத்தைப் படிக்கிறீர்கள். வாளி நிரம்பி வழிகிறது. நடுவில் எழுத்து தொலைந்த வரி செக்சம் என்ற சரிபார்ப்பில் தோற்றுப்போகும், இடம் மாறாது.

இருக்கிற எழுத்து தீரும்வரை படியுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். துடைப்பதை விட்டுவிட்டுப் பழைய எழுத்தின் மேலேயே எழுதுங்கள், மிச்சத்துக்கு வெற்று இடம் போட்டால் போதும். அப்புறம், நியோ-6எம் தன் வரிகளை ஒவ்வொரு விநாடியின் தொடக்கத்திலும் மொத்தமாகக் கொட்டிவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும். 50 மில்லி விநாடி எதுவும் வரவில்லை என்றால் கொட்டி முடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடைவெளியில் திரையை எழுதுங்கள்.

பாக்கெட் அனுப்பும்போது ஜிபிஎஸ் கேட்பதை நிறுத்துகிறீர்கள்தானே?

கொண்டையூசி70:
பழைய கோடில் அப்படி ஒரு வரி இருக்கிறது. எதற்கென்று தெரியாமல்தான் வைத்திருந்தேன்.

செம்புக்கம்பி:
அதைத் தொடாதீர்கள். சாஃப்ட்வேர் சீரியல் ஒரு எழுத்தை வாங்கும்போது ஒரு மில்லி விநாடி இன்டரப்டை மூடிவைக்கும், வேறு வேலை எதுவும் இடையில் புக முடியாது. பாக்கெட் போகும் 1200 பாட் வேகத்தில் ஒரு பிட்டே 833 மைக்ரோ விநாடிதான். ஒரு எழுத்து உள்ளே வந்தால் பிட்டுகளைச் சுமக்கும் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டும் குழம்பி பாக்கெட் கெட்டுவிடும். அனுப்பும் நேரத்தில் திரையையும் சும்மா விடுங்கள்.

கொண்டையூசி70:
இடம் சரியாக வந்துவிட்டது அண்ணா! அந்த 50 மில்லி விநாடி யோசனை அருமை.

மன்னிக்கவும், கடைசியாக இன்னொன்று. மேசையில் நன்றாக ஓடியதைப் பையில் வைத்து ஹேண்டியோடு இணைத்தால், மூன்றாவது நான்காவது பாக்கெட்டில் திரை உறைந்துவிடுகிறது. ரீசெட் அழுத்தும்வரை டிராக்கரும் செத்துக் கிடக்கிறது.

பழையவால்வு:
திரைக்குப் போகும் கம்பி எவ்வளவு நீளம்?

கொண்டையூசி70:
பைக்கு வெளியே தெரிய வேண்டும் என்று 40 சென்டிமீட்டர். ரிப்பன் கம்பி.

பழையவால்வு:
144 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் அரை மீட்டர். திரைக்கு நீங்கள் ஒரு ஆண்டெனா கட்டியிருக்கிறீர்கள் தம்பி! ஹேண்டியில் ஆண்டெனாவைக் கழற்றி, அலையை வெளியே விடாத டம்மி லோடு மாட்டிப் பாருங்கள். உறையவில்லை என்றால் கம்பியில் புகும் ரேடியோ அலை (ஆர்எஃப்) தான் காரணம், வேறெங்கும் தேட வேண்டாம்.

கம்பியை 10 சென்டிமீட்டருக்குள் சுருக்குங்கள். கம்பியில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் ஒன்று கிளிப் பண்ணுங்கள், திரையின் விசிசி-கிரவுண்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். ஐ2சி வயர் லைப்ரரியில் டைம்அவுட் வசதியையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஐ2சி கம்பியில் ஒரு பிட் சிக்கினாலும் பதில் வரும் என்று முடிவில்லாமல் காத்திருக்கும். டைம்அவுட் இருந்தால் திரை போனாலும் டிராக்கர் ஓடும்.

இன்னொன்று: திரையில் "அனுப்பியது" என்று வந்தால் பிடிடி அழுத்தியது என்று மட்டும்தான் பொருள், யாராவது கேட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. மலையேறும் முன் வீட்டில் வேறொரு ரேடியோவையும் டைர்வுல்ஃப் (பாக்கெட் ஒலியைப் படிக்கும் மென்பொருள்) ஓடும் லேப்டாப்பையும் வைத்து ஒருமுறை டிகோட் செய்து பார்த்துவிடுங்கள்.

கொண்டையூசி70:
டம்மி லோடில் ஒருமுறைகூட உறையவில்லை. கம்பியை 8 சென்டிமீட்டர் ஆக்கித் திரையைப் பெட்டியின் மூடியிலேயே பதித்தேன், ஃபெரைட்டும் மாட்டினேன். பையின் மேல்பக்கத்தில் மேப் வைக்கிற பிளாஸ்டிக் உறை வழியாகத் திரை தெரிகிறது. நேற்று மூன்று மணி நேரம் சுற்றினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. டைர்வுல்ஃபிலும் எல்லாம் டிகோட் ஆயின.

என்ன, நண்பகல் வெயிலில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

தகரடப்பா:
ஓஎல்இடி என்றால் அப்படித்தான். பழைய நோக்கியா 5110 திரை கிடைத்தால் போடுங்கள், வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும்.

கொண்டையூசி70:
அதற்கு முதலிலிருந்து கம்பி மாற்ற வேண்டுமே! இப்போதைக்கு அட்டையில் ஒரு குடை வெட்டி ஒட்டிக்கொள்கிறேன். எல்லோருக்கும் 73, வாழ்த்துகள்.