பழைய விண்டோஸை மெய்நிகர் கணினிக்குள் கொண்டுவந்தபோது: உரிமம் பற்றிய அனுபவம்

ராணிப்பேட்டை உறுப்பினர்:

இங்குள்ள சிறிய தோல் தொழிற்கூடம் ஒன்றின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். தோலின் பரப்பை அளக்கும் இயந்திரத்தோடு வந்த மென்பொருள் விண்டோஸ் 7-ல் மட்டுமே ஓடும். அந்தக் கணினியோ எந்த நேரமும் நின்றுவிடும் நிலையில் இருந்தது. "விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தானே, அதற்குள் பழைய விண்டோஸைப் போட்டுவிட்டால் செலவே இல்லையே" என்றார் முதலாளி. விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலவே இயங்கும் மெய்நிகர் கணினியை உருவாக்கும் மென்பொருள். அந்த மென்பொருளின் உரிமம் வேறு, அதற்குள் ஓடும் இயங்குதளத்தின் உரிமம் வேறு என்பதை அவருக்கு விளக்கவே ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவதால் தொழிற்கூடத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதோடு கூடுதலாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக், சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். வணிகத்துக்கு, அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்திடம் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். பலரும் இரண்டையும் ஒன்றாக இறக்கி நிறுவிவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது. 7.0 பதிப்பு முதல் யுஎஸ்பி 3 வசதி அடிப்படைத் தொகுப்பிலேயே இருப்பதால், அளவை இயந்திரத்தை இணைக்க அந்தக் கூடுதல் தொகுப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

விண்டோஸ்தான் சிக்கலான பகுதி. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு கட்டுண்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் புதிய கணினியின் மெய்நிகர் இயந்திரத்தில் இடுவது, எண் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும், உரிம விதிக்குப் புறம்பானது. தனியாகக் கடையில் வாங்கிய முழு உரிமமாக இருந்தால், பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாற்றலாம். நல்லவேளையாக, கணக்காளர் பழைய பில்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வாங்கியது தனி உரிமம் என்பது அதிலிருந்து தெரிந்தது. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டதால், அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பு தராமல் வைத்திருக்கிறேன்.

காட்பாடி உறுப்பினர்:

ஐயா, தங்கள் அனுபவத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் எனக்கு, ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே பல பிரதிகள் எடுக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11 என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், பயிற்சிக்கு இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியனையே தேர்ந்தெடுத்தேன். மெய்நிகர் கணினிகளை உருவாக்க மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வி வசதி விண்டோஸின் ஹோம் பதிப்பில் கிடையாது, ப்ரோவில் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம் என்பதால், தங்கள் தொழிற்கூடத்துக்கு அதையும் பரிசீலிக்கலாம்.