பில் விவகாரத்தைப் போட்டுக் கொடுப்பேன் என்று கணவர் மிரட்டுகிறார், அடித்ததற்குப் புகார் கொடுக்கலாமா?

பெயர்வேண்டாம்_திருப்பூர்:
எங்களுக்குத் திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி இருக்கிறது. காகிதத்தில் நான்தான் ஓனர். பேன் கார்டு, ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் என் பெயரில், நடத்துவது வீட்டுக்காரர். நூல் வாங்கியதாக வெறும் பில் மட்டும் வாங்கி இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கிறார், சரக்கு வரவே இல்லை, அப்படி எடுத்த வரி மட்டும் மொத்தம் 40 லட்சம் வரும். எனக்கு முதலில் தெரியாது, பிறகு தெரியும், தெரிந்தும் செக்கில் கையெழுத்துப் போட்டேன், போடாவிட்டால் அடி. இப்போது பையனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா எனக்குக் கொடுத்த இடத்தை அவர் பெயருக்கு எழுதித் தர வேண்டுமாம், இல்லையென்றால் "ஜிஎஸ்டி ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போதும், உள்ளே போகப்போவது நீதான், பையன் என்னிடம் வந்துவிடுவான்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். நான் போலீசுக்குப் போனால் பில் விஷயம் வெளியே வந்துவிடுமா? போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

கோவை_வக்கீல்:
எதையும் அழிக்காதீங்க. ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம், போதாததற்கு அவர் மிரட்டியதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சியும் அதோடு போய்விடும்.

அடித்தது வேறு, பில் வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, மனரீதியான, பொருளாதார வன்முறையும் வரும். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பையனைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ள உத்தரவு எல்லாம் அதே மனுவில் கேட்கலாம், அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தரவும் 23-ஆம் பிரிவில் வழி உண்டு. கொடுமைக்குக் கிரிமினல் புகார் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பிஎன்எஸ்) 85. அவர் கொடுப்பேன் என்கிற ஜிஎஸ்டி புகார் உண்மையாகவே இருந்தாலும் அதைக் காட்டி இடத்தை எழுதி வாங்கப் பார்ப்பது பிஎன்எஸ் 308-இல், அதாவது மிரட்டிப் பறித்தலில் வரும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். "பயந்து கையெழுத்துப் போட்டேன்" என்பது முழுத் தற்காப்பு ஆகாது. பிஎன்எஸ் 32 கேட்பது, அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் என்கிற பயம். ஆனால் மோசடி செய்யும் எண்ணம் யாருடையது, பணம் யார் கைக்குப் போனது என்று பார்க்கும்போது இது நிச்சயம் பேசும், முன்ஜாமீன் மனுவிலும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 482) உதவும். குடும்ப வன்முறை மனுவில் பில் கதையை நீங்களாக எழுதி நீட்டாதீங்க, பொய்யும் எழுதாதீங்க. எது எந்த மனுவில் போக வேண்டும் என்று உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும். வக்கீலிடம் நடந்ததை அப்படியே சொல்லலாம், அவர் வெளியே சொல்லச் சட்டம் விடாது. ஆடிட்டரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் உங்கள் வீட்டுக்காரர் சேர்த்துவிட்ட ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வரிக்கணக்கு:
ஜிஎஸ்டி பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். "உள்ளே போவாய்" என்பதில் பாதி பூச்சாண்டி. ஜிஎஸ்டி சட்டம் 69-இல் கைது செய்ய, போலி பில் மாதிரி விஷயத்தில் தொகை 2 கோடியைத் தாண்ட வேண்டும், ஜாமீனில் விட முடியாதது 5 கோடிக்கு மேல். அதற்காக 40 லட்சம் சும்மா போகாது. வரி, 18% வட்டி, அபராதம் எல்லாம் உங்கள் பேனில்தான் வந்து விழும். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே டிஆர்சி-03 (தானாக முன்வந்து வரி கட்டும் படிவம்) போட்டுக் கட்டினால் அபராதம் 15%, அதாவது 6 லட்சம். நோட்டீஸ் வந்துவிட்டால் 25, ஆர்டருக்கு அப்புறம் 50 என்று ஏறும். அவர் கடிதம் போடுவதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்வது நல்லது என்பது இதனால்தான். ஆனால் கட்டுவது ஒப்புக்கொள்வது மாதிரி, வக்கீலைக் கேட்காமல் பட்டனை அமுக்காதீங்க.

அவருக்குத் தெரியாத ஒன்று, 122(1ஏ). யார் சொல்லி அந்தப் பில் போடப்பட்டதோ, லாபம் யாருக்குப் போனதோ, அவருக்கும் அதே அளவு அபராதம். 132-லும் "செய்ய வைத்து பலன் அடைந்தவர்" என்று இருக்கிறது. மொட்டைக் கடிதம் போட்டால் அவரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: போர்ட்டலில் மொபைல், மெயில் அவருடையது என்றால் ஆதார், பேனோடு உங்கள் ஏரியா ஜிஎஸ்டி ஆபீசில் போய் மாற்றுங்க. செக் புக், நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்துங்க. இனி ஒரு ரிட்டர்னும் உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

சும்மா_பார்வையாளர்:
இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டு இப்போது சட்டம் வேண்டுமா?

மல்லிகா_ஈரோடு:
மேலே இருப்பவரை விடுங்க. அக்கா, நான் இந்தக் கோர்ட் வாசலில் நின்றவள். கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், மனுவை அவரே எழுதித் தருவார். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம், போன் 15100. ராத்திரி வீட்டுக்கு வந்து கலாட்டா செய்தால் 181. அறுபது நாளில் முடிப்போம் என்று சட்டத்தில் இருக்கும், அதை நம்பி நாள் எண்ணாதீங்க, இடைக்கால உத்தரவு கையில் வந்தாலே மூச்சு விடலாம்.

பெயர்வேண்டாம்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. நான் ரெக்கார்டு செய்தது கோர்ட்டில் செல்லுமா? "நீ போட்டுக் கொடுத்தால் நானும் போட்டுக் கொடுப்பேன்" என்று திருப்பிச் சொல்லிவிடட்டுமா?

கோவை_வக்கீல்:
சொல்லாதீங்க, அதுவும் வாய்ஸ் மெசேஜாகவே வேண்டாம். நீங்கள் மிரட்டியதாக அதே ஆதாரம் அவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் "நாம் செய்தது" என்று ஒரு வரிகூட எழுதாதீங்க. ரெக்கார்டிங் விஷயத்தில், கணவன் மனைவி பேச்சைத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து மாதிரி வழக்குகளில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவரே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்றால் இன்னும் சுலபம். அந்தப் போனை மாற்றாதீங்க, ரீசெட் செய்யாதீங்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் போட அது வேண்டும். இடத்துப் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்க.