வெல்க்ரோவில் சிக்கிய புல்விதையை எடுப்பது எப்படி? (அவசரம்)

அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பலேறி இப்போது நடுக்கடலில் இருக்கிறோம். நாளை மறுநாள் காலை தெற்கு ஜார்ஜியா. தெற்கு அட்லாண்டிக் கடலில், நிரந்தரமாக யாரும் வசிக்காத தீவு. வெளியூர் விதை ஒன்றுகூட கரையேறக் கூடாது என்பதால் உடை, பூட்ஸ், பை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பாடுபட்டு எலிகளை ஒழித்து, 2018-இல்தான் எலியில்லாத தீவு என்று அறிவித்தார்கள். இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

என் வாட்டர்ப்ரூஃப் பேண்ட்டின் கணுக்கால் வெல்க்ரோவில், கொக்கிப் பக்கம், மெல்லிய புல்விதைகள் சிக்கியிருக்கின்றன. வாக்குவம் போட்டேன், பல் பிரஷால் தேய்த்தேன், டேப் ஒட்டி உரித்தேன். மேலே இருந்தவை வந்துவிட்டன. அடியில் இருப்பவை ஊசி பட்டாலே உடைந்து இன்னும் உள்ளே போகின்றன. மாற்று பேண்ட் இல்லை, கப்பலிலும் என் அளவு கிடைக்கவில்லை.

வெல்க்ரோவை வெட்டாமல் அந்த விதைகளை முழுசாக எடுக்க என்ன வழி?